பச்சைப் பட்டை போட்ட புகைக்கூண்டு

எனக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து நான் வேறு எதையும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை, சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை. கதவு வைத்த ஓர் அறை, அவ்வளவுதான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் நாத்தனார்கள் மூக்கை நுழைக்க முடியாத அறை. இதைப் பேராசை என்று யாராவது சொன்னால், அவர்கள் கூட்டுக் குடும்பத்தில் குடித்தனம் நடத்தியதே இல்லை என்று அர்த்தம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, உப்புத் தண்ணீர்க் கால்வாயின் கரையில் என் மாமனாருக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்லும் வீடும் ஒரே மதிலுக்குள். மில்லுக்குக் கொடுத்த இடம் போக மிச்சத்தில் வீடு. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, மாமாவின் கட்டில் கிடக்கிற முன்னறை. கூடத்தில் மாமியும் மூன்று நாத்தனார்களும் படுப்பார்கள். புதுசாகக் கல்யாணமான எங்களுக்கு அதே கூடத்தின் ஒரு மூலையை, நெல் மூட்டைச் சாக்குகளைத் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டு, ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். சாக்குக்கு இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து, நல்லா இரு என்று, நாலு குரலில் துஆ வரும். புருஷனும் பொஞ்சாதியும் சண்டை போடக்கூட மில் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் போட வேண்டும்.

செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, என்னைப் பெற்ற அத்தாவின் கடைக்கு மாடியில் தனி அறையில் வளர்ந்தவள் நான். எப்படி இருந்திருக்கும் எனக்கு!

மில்லின் பின்பக்கம் ஒரு புகைக்கூண்டு நின்றது. மாமாவின் அத்தா காலத்தில், நீராவி எஞ்சினில் மில் ஓடியபோது கட்டியது. செங்கல் செங்கலாக அடுக்கி, தென்னை மரத்தைவிட உயரமாக, உமிப் புகை படிந்து கன்னங்கரேல் என்று இருக்கும். கரண்ட் வந்து மோட்டார் மாட்டிய பிறகு பாய்லர் அடங்கிப்போயிற்று. கூண்டின் உச்சியில் காக்கைகள் குடும்பம் நடத்தின. அவற்றுக்குத் தனி அறை இருந்தது, எனக்குத்தான் இல்லை.

என் வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார். "அந்தக் கூண்டை இடிச்சா வர்ற செங்கல்லுல மாடியில ஒரு ரூம் கட்டிடலாம்." அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பழைய தப்புகளை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். மாமாவும் தலையாட்டினார். அறுவடை நெல் அரைத்து முடிந்ததும் ஆள் விட்டு இடிப்பது என்று முடிவாயிற்று. நான் மனசுக்குள் ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். நீலத்தில் பூப்போட்டது.

விஷயம் எப்படித்தான் குப்பத்துக்குப் போனதோ, மறுநாளே மீன்காரர்கள் ஐந்து பேர் மில் வாசலில் வந்து நின்றார்கள். ரோட்டுக்குக் கிழக்கே, மணல்மேட்டைத் தாண்டி அவர்கள் குப்பம். கட்டுமரம் வைத்திருக்கிறவர்கள். சாதாரணமாக அவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு இடத்துக்கு வருவது பஞ்சாயத்துக்கு மட்டும்தான்.

"இன்னா பாய், பொகக்கூண்ட இடிக்கப் போறியாமே?" என்றார் மூத்தவர்.

"ஆமா. சும்மாதானே கீது" என்றார் மாமா.

"வாணாம் பாய்."

"ஏன் வாணாம்?"

அங்கேதான் வேடிக்கை. காரணம் கேட்டதும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமினார். திருக்கழுக்குன்றத்துக்குப் போகிற கழுகுகள் வழியில் அந்தக் கூண்டின்மேல் உட்கார்ந்து இளைப்பாறுகின்றன, அதை இடித்தால் பாவம் வரும் என்றார்.

"நான் பொறந்ததுலேர்ந்து அதும்மேல காக்காவத் தவிர ஒண்ணும் பார்த்தது இல்லையே" என்றார் மாமா.

இரண்டாமவர், குப்பத்தில் விழ வேண்டிய இடியை எல்லாம் கூண்டு வாங்கிக்கொள்கிறது என்றார். மூன்றாமவர், தன் அம்மா அதன் நிழலைப் பார்த்துத்தான் சோறு வடிக்கிறாள் என்றார். நிழல் ரோட்டைக்கூடத் தாண்டாது, குப்பம் வரை எங்கே போகும் என்று மாமா கேட்டதற்கு, "அதான் அது சோறு தெனமும் கொழையுது" என்று பதில் வந்தது. நான்காமவர் கொஞ்சம் யோசித்து, "பாக்க நல்லா கீது பாய்" என்றார். ஐந்தாமவர் வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவின் புருஷன் அவர். எப்போதும் பேச்சு குறைவு.

கதவுக்குப் பின்னால் நின்று இதை எல்லாம் கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப் பாவிகளா, காக்கைக் கூட்டுக்கும் குழைந்த சோற்றுக்குமா என் அறையைப் பலி கொடுப்பது? மாமாவும் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து, "போய்ட்டு வாங்கப்பா" என்று அனுப்பிவிட்டார். எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதி அன்று சாயங்காலம் வரைதான். அஸர் தொழுகை முடிந்து மாமா மில்லில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பின்வாசல் வழியாக மூத்தவர் தனியாக வந்தார். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். அவர் போன கொஞ்ச நேரத்தில் இரண்டாமவர் வந்தார், அதே பின்வாசல், அதே குசுகுசு. மறுநாள் மற்றவர்கள். ஒவ்வொருவர் போகும்போதும் மாமா நெஞ்சில் கைவைத்து ஏதோ சத்தியம் செய்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் குழம்பியது.

மூன்றாம் நாள் காலை நாஸ்தாவுக்கு உட்கார்ந்தவர், இட்லியைப் பார்த்துக்கொண்டே, "கூண்டு இருக்கட்டும். இடிக்க வேணாம்" என்றார்.

"ஏன் மாமா?"

"அது எங்க அத்தா கட்டினது."

மாமி விடுவாளா? "போன வாரம் வரைக்கும் அத வேற யாரோட அத்தா கட்டினாரு?"

மாமா கை கழுவ எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாக்குத் திரையைப் பார்த்தேன். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

காரணம் எனக்குத் தெரியவந்தது மீன்கார அக்கா மூலம்தான். அவள் மீனைக் கொடுத்துவிட்டுக் குருணை அரிசி வாங்கிப் போவாள். அன்றைக்கு என் வீங்கின கண்ணைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"கேளு தங்கச்சி. கடலுக்குள்ள தண்ணிக்கு அடில ஒரு பாறை மேடு கீது. மீனு அங்கதான் கூடும். ஆனா மேலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒரே தண்ணிதானே, எங்க தூண்டில் போடறதுன்னு எப்டித் தெரியும்? எங்க வூட்டுக்காரரு கரையைத் திரும்பிப் பார்ப்பாரு. திருக்கழுக்குன்றத்து மலை உச்சிக்கு நேர் கீழ ஒங்க மில்லு கூண்டு வந்து நிக்கணும். நின்னா அதான் எடம். கூண்டு போச்சுன்னா எங்க பொழப்பும் போச்சு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்டி சொல்றது? மத்த நாலு பேரும் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாங்களே! இது எங்க மாமனாரு கண்டுபுடிச்ச அடையாளம். எங்க குடும்பத்தத் தவுர வேற யாருக்கும் தெரியாது."

"கூண்டு ஒண்ணு போதுமா அக்கா?"

"போதாது. இது ஒரு கோடுதான். அந்தக் கோட்டுல எங்க நிக்கறதுன்னு தெரிய இன்னொரு பக்கம் இன்னொண்ணு பார்க்கணும்."

"எது?"

அக்கா சிரித்தாள். "அத எனக்கே அவரு சொன்னது இல்ல."

சரி, என்ன செய்வது, ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஆயிற்றே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துக் குருணை வாங்க இன்னொரு பெண் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். தங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத அடையாளம் என்று அவளும் மலையையும் கூண்டையும் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. அந்த மாதம் முடிவதற்குள் ஐந்து பெண்களின் தலையிலும் நான் கைவைத்தாயிற்று. மாமாவின் முகம் ஏன் அப்படிக் குழம்பியது என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் ஐந்து சத்தியம், எனக்கும் ஐந்து சத்தியம். ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு மாமனாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் மூச்சு விடாமல் திரிந்தோம். என் வீட்டுக்காரர் பாவம், ஒன்றும் தெரியாமல், "அத்தாவுக்கு வயசாகுது, புத்தி தடுமாறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் பட்டணத்திலிருந்து ஒரு புரொபசர் வந்து சேர்ந்தார். காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். மாமல்லபுரம் போகிற வழியில் கார் சூடாகி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு மில்லுக்குள் வந்தார். வந்தவர் புகைக்கூண்டைப் பார்த்ததும் தண்ணீரை மறந்துவிட்டார். கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். கைக்குட்டை கறுப்பானது.

"ராஜா செதுக்கின கல்லைப் பார்க்க உலகமே வருது" என்றார் மாமாவிடம். "உழைச்சவன் கட்டின செங்கல்லை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. இந்தக் கால்வாய், அதோ அந்தக் கிளிஞ்சல் சூளை, கேளம்பாக்கம் வரைக்கும் உப்பளம், நடுவுல இந்தக் கூண்டு, எல்லாம் சேர்ந்து ஒரே சித்திரம் சார். இதையெல்லாம் காப்பாத்தணும்."

அவர் கை காட்டின இடத்தை எல்லாம் நானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கால்வாயில் எருமை குளித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மனுஷர் பேச்சில் ஒரு ஆசை இருந்தது. அதைக் கேலி செய்ய எனக்கே மனசு வரவில்லை.

"மோட்டார் வந்த பிறகும் எதுக்காக இதை இடிக்காம வச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டார்.

நல்ல கேள்வி. ஐந்து சத்தியத்தையும் விழுங்கிக்கொண்டு மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "பாரம்பரியம் சார். இத இடிக்கிறதும் ஒண்ணு, எங்க அத்தாவ இடிக்கிறதும் ஒண்ணு."

கதவுக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். புரொபசர் மட்டும் கண் கலங்கி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன்னைப் போலப் படித்த நண்பர்கள் சிலரையும் காமிராவையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது! மாமாவுக்கு அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை. பட்டணத்து ஆட்கள் வந்து போட்டோ எடுக்கும்போது கூண்டு அழுக்காக நிற்கலாமா? பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு தொட்டி மிச்சம் இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் வெள்ளையடிக்கிற ஆளைக் கூப்பிட்டு, கூண்டு முழுக்க அடிக்கச் சொல்லிவிட்டார். அந்த ஆள் வாழ்நாள் முழுக்க அடித்தது வீடும் பள்ளிவாசலும்தான். வெள்ளை அடித்து முடித்ததும் அவர் கைக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்திருக்கிறது. யாரையும் கேட்காமல் உச்சியில் அழகாக ஒரு பச்சைப் பட்டை போட்டுவிட்டு இறங்கினார்.

மாமா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

"இனிமே தொழுகைக்கு ஆள் வரும், பாய் எடுத்துப் போடுங்க" என்றாள் மாமி. அவள் சொன்ன மாதிரியே, ரோட்டில் போன லாரிக்காரர் ஒருவர் உள்ளே வந்து தொழுமுன் கை கால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

மறுநாள் புரொபசர் வருவதாகச் சொன்ன நாள். தை மாதம். காலையிலிருந்தே பனியும் மூட்டமும். மலை தெரியவில்லை. வேனில் வந்து இறங்கினவர்கள் கூண்டை அண்ணாந்து பார்த்தார்கள். புரொபசரின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்ல? மெருகு போடக் கொடுத்த வெள்ளித் தட்டைப் பித்தளையாகத் திரும்ப வாங்கினவர் மாதிரி நின்றார். "அந்தக் கரி... அந்தக் கறுப்பு எங்கே சார்?" என்றார். மாமா பெருமையாக, "எல்லாம் சுரண்டி எடுத்தாச்சு சார்!" என்றார்.

நான் டீ கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பெருஞ்சத்தம். குப்பத்துக்காரர்கள். உடம்பெல்லாம் உப்பும் மணலுமாக, கோபத்தில் ஆடிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா பாய் பண்ணி வெச்சிருக்கே! பனில ஒண்ணும் புரியல, வெள்ளையா, பச்சை வெச்சி ஒசரமா தெரியுது. அடடா, கோவளத்துப் பள்ளிவாசல் மினாரா ஆச்சே, ரொம்ப வடக்கால வந்துட்டோம்னு தெக்கே திருப்பினோம். மாமல்லபுரத்தையும் தாண்டி சதுரங்கப்பட்டினத்துல போயி கரை ஏறினோம் பாய்! அங்கேர்ந்து நடந்து வர்றோம்!"

"என் அடையாளத்தையே அழிச்சிட்டியே!" என்று ஒருவர் கத்தினார்.

மூத்தவர் மெல்லத் திரும்பினார். "ஒன் அடையாளமா? இன்னாடா சொல்றே? அது என் அடையாளம்."

"ஒங்களுதா? எங்க நைனா காட்டினது அது!"

அப்புறம் மாமாவை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டன் பூட்டன் எல்லாம் சந்திக்கு வந்தார்கள். புரொபசர் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் மாமாவைப் பார்த்து, "பாரம்பரியம்?" என்றார். மாமா வானத்தைப் பார்த்தார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மீன்கார அக்கா உள்ளே வந்தாள். கையில் கூடை இல்லை. அவளைக் கூடை இல்லாமல் நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் வந்துட்டீங்க. என் வூட்டுக்காரரு எங்கே?"

நான்கு பேர்தான் நின்றிருந்தார்கள். பேச்சு குறைவான அந்த ஐந்தாமவரையும், அவரோடு போன அவர் தம்பியையும் சதுரங்கப்பட்டினத்தில் யாரும் பார்க்கவில்லை. இவர்களுக்கு முன்னாலேயே, இன்னும் ஆழத்துக்குப் போனவர்கள் அவர்கள். வெள்ளைக் கூண்டை மினாரா என்று நம்பி எங்கே திருப்பிக்கொண்டு போனார்களோ.

அக்கா அழவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது எங்கள் ஊர் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. அத்தாவின் கடை மாடியில் உட்கார்ந்திருந்தால் ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னால் ஏரிக்கு அப்பால் புகை தெரியும். புகையைப் பார்த்ததும் டீ விற்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"மாமா, அடுப்பைப் பத்த வைங்க. மினாரா புகை விடாது. புகை வந்தா அவங்களுக்கே புரியும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஓடினார்கள். பாய்லர் துருப்பிடித்துக் கிடந்தாலும் அதன் அடியில் இருந்த பெரிய அடுப்பும் கூண்டுக்குப் போகிற பாதையும் நன்றாகத்தான் இருந்தன. உமிக் கிடங்கிலிருந்து கூடை கூடையாக உமி வந்தது. அடையாளத்துக்கு அடித்துக்கொண்ட நாலு பேரும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். புரொபசர் வெள்ளைச் சட்டையோடு உமி மூட்டையைத் தூக்கினார். அவரோடு வந்தவர்களும் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றினார். முதலில் புகை எல்லாம் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று மாமா நீளக் கம்பியை விட்டுக் குத்தினார். காக்கைக் கூடு ஒன்று பொத்தென்று அடுப்புக்குள் விழுந்தது. அதன் பிறகு கூண்டு ஒரு தடவை உறுமியது. பல வருஷத்துக்குப் பின்னால் அதன் வாயிலிருந்து கறுப்பாக, தடிமனாகப் புகை கிளம்பி மூட்டத்துக்கு மேலே ஏறியது.

நானும் அக்காவும் மணல்மேட்டில் போய் நின்றோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அவ்வளவு இறுக்கிப் பிடித்தாள், என் வளையல் ஒன்று நொறுங்கியது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கடலைப் பார்ப்பேன், திரும்பிப் புகையைப் பார்ப்பேன். அந்தக் கூண்டை இடிக்கச் சொல்லி நான் எத்தனை நாள் துஆ கேட்டிருப்பேன்! இப்போது அதே வாயால், யா அல்லாஹ், புகை நிற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் மூட்டத்துக்குள்ளிருந்து கட்டுமரம் தெரிந்தது. அண்ணன் தம்பி இருவரும் துடுப்பு போட்டுக்கொண்டு வந்தார்கள். கரை ஏறின அக்காவின் புருஷன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அன்றைக்கு நிறையப் பேசினார், அதாவது அவர் கணக்குக்கு நிறைய.

"மினாரான்னு நெனச்சிதான் தெக்கால போயிகினு இருந்தோம். திரும்பிப் பார்த்தா பொக வருது. பள்ளிவாசல் எங்கனா பொக வுடுமாடா, அது நம்ம பாய் கூண்டுடான்னேன்."

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாளே குப்பத்து ஆட்கள் படகுக்குப் பூசுகிற தாரை எடுத்துவந்து கூண்டைக் கறுப்பாக்கிவிட்டார்கள். உச்சிவரை ஏற ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, அதனால் பச்சைப் பட்டை மட்டும் மிஞ்சியது. முந்தின இரவு மில்லிலேயே தங்கிவிட்ட புரொபசர் அதற்கும் வருத்தப்பட்டுவிட்டு, போகிற போக்கில் கரி பிடித்த தன் சட்டையைக் காட்டி, "இதைத் துவைக்க மாட்டேன்" என்றார். அவர் பொஞ்சாதி என்ன சொன்னாரோ தெரியாது. ஐந்து குடும்பமும் ஒரு வாரம் பேசாமல் இருந்து, பிறகு சமாதானம் ஆயின. கூண்டு எல்லாருக்கும் பொது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த இன்னொரு பக்கத்து இன்னொரு அடையாளத்தை மட்டும் எவரும் எவருக்கும் சொல்லவில்லை.

மாமா என்னைக் கூப்பிட்டார். "பனிக்காலத்துல காலையில யாராவது அடுப்பப் பத்த வைக்கணும். பக்கத்துல ஆள் இருந்தா நல்லது. உமிக் கிடங்கு இப்ப பாதி காலியாத்தானே கீது?"

நான் புரியாத மாதிரி நின்றேன். அவரே சொல்லட்டும் என்று.

"கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். குறுக்கே சுவரு வச்சி, கதவும் போட்டுடலாம். ஜன்னல் எந்தப் பக்கம் வேணும் ஒனக்கு?"

கடல் பக்கம் என்றேன். நீலத்தில் பூப்போட்ட துணி தைத்து மாட்டினேன். அறை முழுக்க உமி வாசனை, சுவரில் சுணை, இரண்டு வருஷம் உடம்பு அரித்தது. தாழ்ப்பாள் இருந்தது.

பனிக்காலம் முழுக்கத் தினமும் விடியலில் சுபுஹு தொழுததும் முதல் வேலை அடுப்பில் உமி கொட்டிப் பற்றவைப்பது. என் வீட்டுக்காரர் என்னை 'லைட் அவுஸ் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். அன்று மீன் கொண்டுவந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கடல்ல அத்தினி பேரும் சொல்லிக்கினு இருந்தாங்களாம், பாய் வூட்டு மருமவ இன்னும் எழுந்துக்கலடான்னு!" ஆண்டவனே, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை கேட்டேன், நான் எப்போது எழுந்திருக்கிறேன் என்பது நடுக்கடல்வரை தெரிகிற அறையாகக் கிடைத்தது.

அடுத்த வருஷம் நான் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு போக வண்டி சொல்லியிருந்தோம். குழந்தைக்கு அவசரம். விடிகிற நேரத்தில் வலி எடுத்து, மாமி மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பி, வீடே அமளிப்பட்டது. அடுப்பை யார் நினைத்தார்கள்? மகள் பிறந்து, நான் அரை மயக்கத்தில் கிடந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஆம்பிளைக் குரல்கள் கேட்டன. குப்பத்துக்காரர்கள் ஐந்து பேரும் மதில் ஓரம் நின்றிருந்தார்கள். அன்று பனிகூட இல்லையாம், மலை பளிச்சென்று தெரிந்ததாம். புகை இல்லாமலே தூண்டில் போட்டிருக்கலாம்.

"பொக வரல பாய்" என்றார் மூத்தவர். "அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சோன்னு எல்லாரும் திரும்பி வந்துட்டோம்."

அக்காவின் புருஷன் தலைத்துணியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்ததை மாமா சொல்ல வாய் எடுப்பதற்குள் மாமி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். நான் படுத்தபடியே அழுதேன். செங்கல்பட்டிலிருந்து வந்த நாள்முதல் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை.

நாற்பது நாள் தீட்டு கழியும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது என்று குப்பத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கடலுக்குப் போகிறவர்களில் யாராவது ஒருவர் தினமும் விடியலில் வந்து உமி கொட்டி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனார். நல்ல ஜனங்கள், ஆனால் அடுப்பின் இரும்புக் கதவை மெதுவாகச் சாத்த ஒருத்தருக்கும் தெரியாது. நாற்பது நாளும் என் மகள் அந்தச் சத்தத்தில்தான் அலறிக்கொண்டு எழுந்தாள்.